சிடியின் குறை என்று சொன்னதே அதன் நிறை

புதிதாக மடிக்கணினி வாங்குகிறவர்கள் யாரும் இப்போது "சிடி டிரைவ் இருக்கிறதா?" என்று கேட்பதில்லை. 2008இல் ஆப்பிள் நிறுவனம் மேக்புக் ஏரை டிரைவ் இல்லாமல் கொண்டுவந்தபோது அதைப் பெரிய குறையாக எழுதியவர்கள் உண்டு. இன்று டிரைவோடு வரும் மடிக்கணினியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் சோனி, வீட்டில் பதிவு செய்யும் புளூரே தட்டுகளின் உற்பத்தியையும் நிறுத்திவிட்டது. ஆக, ஒளித்தட்டுக்கு இரங்கல் கட்டுரை எழுதும் காலம் இது. எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் வாசிக்கிறார்கள்: கொள்ளளவு போதாது, வேகம் இல்லை, கீறல் விழும், அடித்து வெளியிட்டுவிட்டால் திருத்த முடியாது. முதல் மூன்றோடு எனக்குச் சண்டை இல்லை. நாலாவதோடுதான் இருக்கிறது. திருத்த முடியாது என்பதைக் குறைகளின் பட்டியலில் சேர்த்ததே தப்புக் கணக்கு என்பது என் வாதம். கணினி உலகத்தில் ஒரு மென்பொருளுக்கு "இது இன்ன தேதியில் முடிந்த பதிப்பு, எல்லார் கையிலும் இருப்பது இதே பிரதி, விற்றவரே நினைத்தாலும் இதை இனி மாற்ற முடியாது" என்ற அந்தஸ்தைக் கொடுத்தது சிடிதான். தட்டு போனதில் எனக்கு வருத்தம் இல்லை. தட்டோடு சேர்த்து அந்த அந்தஸ்தையும் குப்பையில் போட்டுவிட்டோமே என்பதுதான் விஷயம்.

முதலில் அந்தத் தட்டு எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டது என்று பார்த்துவிடலாம். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய இசை சிடி 1982இல் சந்தைக்கு வந்தது. மறு ஆண்டே அதைக் கணினித் தரவுக்கு ஏற்றபடி வகுத்த விதித்தொகுப்பு வந்தது. அட்டையின் நிறத்தை வைத்து மஞ்சள் புத்தகம் என்பார்கள். இசைக்கும் தரவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பாட்டில் ஒரு துளி படிக்க முடியாமல் போனால், பிளேயர் முன்னும் பின்னும் உள்ள மதிப்புகளைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்துப் போட்டுவிடும், காது கண்டுபிடிக்காது. நிரலில் ஒரு பிட் மாறினால் நிரலே படுத்துவிடும். அதனால் சிடி-ராமில் 2,352 பைட் கொண்ட ஒவ்வொரு செக்டரிலும் நமக்குக் கிடைப்பது 2,048 பைட்தான். தொடக்கத்தை அடையாளம் காட்ட 12, முகவரிக்கு 4, பிழை உண்டா என்று பார்க்க 4, வெற்றிடம் 8, பிழையைத் திருத்த 276. ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு இடத்தை நம்பகத்துக்காகவே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இதற்கும் அடியில், இசை சிடியிலேயே இருந்த இன்னொரு திருத்தும் அடுக்கு தனியாக வேலை செய்கிறது. வீட்டு நகையை ஒரே பெட்டியில் வைக்காமல் பல பெட்டிகளில் பிரித்து வைப்பதுபோல, அது அடுத்தடுத்த பைட்களைத் தட்டின் வேறு வேறு இடங்களில் பரப்பி எழுதுகிறது. ஒரு கீறல் ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சத்தைத்தான் கொண்டுபோகும். மிச்சத்தை வைத்துப் போனதைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். பாதையின் போக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தரவு மறைந்தாலும் ஒரு பிட் குறையாமல் மீட்கும் ஏற்பாடு இது.

அடுத்தது, அச்சடிப்பு. ஆலையில் செய்த சிடியில் தரவு என்பது பிளாஸ்டிக்கின் உருவமேதான். கண்ணாடித் தட்டில் லேசரால் எழுதிய மூலத்திலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, உருகிய பாலிகார்பனேட்டை அந்த அச்சில் செலுத்தினால், நுண்ணிய குழிகள் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த அகலத்தில், 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளிச் சுருளாக விழுகின்றன. சுருளை நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். அதன் மேல் அலுமினியப் பூச்சு, அதன் மேல் அரக்கு, அதன் மேல் பெயர் அச்சு. வாங்கியவரின் கணினியில் வைரஸ் புகுந்தாலும், வாங்கியவரே தவறுதலாக எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாலும், குழி குழியாகவே இருக்கும். இந்த ஒரே காரணத்தால் மென்பொருள் செய்கிறவர்களுக்கு ஒரு கெடு வந்து சேர்ந்தது. ஆலைக்குப் போகும் கடைசிப் பிரதிக்குக் கோல்டு மாஸ்டர் என்று பெயர். அது கைமாறிய பிறகு கண்டுபிடிக்கும் பிழை எல்லாம், அடித்து முடித்த பிரதிகள் அத்தனையிலும் இருக்கும். அந்தப் பயத்தில் சோதனைக்குத் தனிக் குழு, தனிக் காலம், தனிச் செலவு ஒதுக்கினார்கள். பிழையே இல்லாத மென்பொருள் வந்தது என்று சொல்ல மாட்டேன், நிச்சயமாக வரவில்லை. ஆனால் முடிந்தது என்று அறிவிப்பதற்கு ஒரு நாள் இருந்தது. அந்த நாளில் பொருள் தனியாக நிற்கும் நிலையில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது.

தனியாக நிற்பது என்றால் எந்தக் கணினியிலும் திறக்கவும் வேண்டும். தொடக்கத்தில் சிடியில் பைட்களை எப்படி வைப்பது என்று மட்டும்தான் விதி இருந்தது. கோப்புகளை எப்படி அடுக்குவது என்று இல்லை. ஆளுக்கொரு முறையை வைத்துக்கொண்டால் ஆளுக்கொரு டிரைவ்தான் விற்க முடியும் என்று புரிந்த நிறுவனங்கள் 1985இல் அமெரிக்காவின் டாஹோ ஏரிக் கரையில் ஹை சியரா என்ற விடுதியில் கூடிப் பேசின. அங்கே தொடங்கிய வரைவுதான் சில மாற்றங்களோடு 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்ற உலகத் தரமானது. அதன் உள்ளே எட்டிப் பார்த்தால் அந்த ஆட்களின் நிதானம் தெரியும். முதல் 16 செக்டர்களை எந்தக் கணினியின் சொந்தத் தேவைக்கும் பயன்படட்டும் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த செக்டரில் "சிடி001" என்ற ஐந்து எழுத்து முத்திரை. அதைப் பார்த்ததும் எந்த டிரைவரும் இது என்ன வகைத் தட்டு என்று கண்டுகொள்ளும். அப்போது இன்டெல் சில்லுகள் எண்ணின் சிறிய பைட்டை முதலில் வைக்கும், மோட்டரோலா சில்லுகள் பெரியதை முதலில் வைக்கும். எது சரி என்று சண்டை போடாமல், முக்கியமான எண் ஒவ்வொன்றையும் இரண்டு முறையிலும் எழுதிவைக்கச் சொன்னார்கள். சில பைட் வீண்தான். அந்த வீண்செலவின் பலன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாமே அந்தக் கால சிடியை இன்றைக்கும் தனி மென்பொருள் எதுவும் இல்லாமல் திறந்து காட்டுகின்றன. அதே ஆண்டுகளில் பிறந்த எத்தனை கோப்பு வடிவங்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

இப்படி ஒரு முடிந்த, தனியாக நிற்கும் பிரதி கைக்கு வந்ததன் விளைவு என்ன என்பதற்குக் கலைக்களஞ்சியங்களே நல்ல சாட்சி. 1985இல் குரோலியர் நிறுவனம் ஏறக்குறைய 90 லட்சம் சொற்கள் கொண்ட தன் கலைக்களஞ்சியத்தின் உரை முழுவதையும் ஒரே சிடியில் போட்டது. அப்போது வீட்டுக் கணினிகளின் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் 10, 20 மெகாபைட்டைத் தாண்டாது. 1993இல் மைக்ரோசாஃப்ட் என்கார்ட்டாவைக் கொண்டுவந்து பிறகு ஆண்டுக்கொரு பதிப்பு வெளியிட்டது. 2009இல் அதை மூடியபோது இணையத்தில் இருந்த என்கார்ட்டா மறைந்துபோனது. ஆண்டு போட்டு விற்ற சிடிகள் மறையவில்லை. அந்தக் கால விண்டோஸை மெய்நிகர் கணினி ஒன்றில் ஏற்றினால் அவற்றை இன்றும் ஓட்டலாம். ஒரு நாட்டைப் பற்றியோ ஒரு போரைப் பற்றியோ அந்த ஆண்டில் பொதுவாசகருக்கு என்ன சொல்லப்பட்டது என்று ஒரு வரலாற்று மாணவர் எடுத்துக்காட்டலாம். விக்கிபீடியா தன் ஒவ்வொரு திருத்தத்தையும் சேமித்து வைத்து இந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் விக்கிபீடியா அப்படிச் செய்வது ஒரு கொள்கை முடிவு. பெரும்பாலான இணையச் சேவைகள் அந்த முடிவை எடுக்கவில்லை. சிடியில் அதற்குக் கொள்கை எதுவும் தேவைப்படவில்லை. பொருளின் இயல்பே அந்த வேலையைச் செய்தது.

மென்பொருளுக்கும் இது பொருந்தும், தமிழுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். யூனிகோடு பரவுவதற்கு முன்பு தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தன. டிஸ்கி ஒருபக்கம், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு தரப்படுத்திய டாம், டாப் ஒருபக்கம், பதிப்பகங்களும் அச்சகங்களும் விலைக்கு வாங்கிப் பயன்படுத்திய வணிக எழுத்துருக்கள் ஒருபக்கம். அந்தக் காலத்தில் அடித்து வைத்த ஒரு கோப்பைத் திறந்தால், உரிய எழுத்துரு இல்லாவிட்டால் ரோமன் எழுத்துகளும் கொம்பு முளைத்த குறிகளுமாகத்தான் தெரியும். இணையத்தில் குறியீடு மாற்றிகள் உண்டு. பரவலாகப் புழங்கிய முறைகளுக்கு அவை போதும். அதிகம் புழங்காத எழுத்துருவுக்கு, அதை வெளியிட்ட நிறுவனம் மூடியிருந்தால், எந்த எண் எந்த எழுத்து என்பதற்கு அந்த எழுத்துருக் கோப்பே ஒரே ஆதாரம். அது எங்கே இருக்கும்? யாரோ ஒருவரின் மேசை அறையில் கிடக்கும் சிடியில் இருக்கும். இன்றைய சந்தாச் சேவை ஒன்று மூடினால் இருபது ஆண்டு கழித்துத் தேடிப் பார்க்க அப்படி ஒரு மேசை அறைகூட இருக்காது.

விநியோகம் என்ற கோணத்தையும் விட்டுவிடக் கூடாது. தொண்ணூறுகளில் டயல்-அப் இணைப்பில் 650 மெகாபைட் இறக்குவது என்றால் மோடத்தை ஒரு நாளுக்கும் மேல் விடாமல் ஓடவிட வேண்டும். அதற்கான தொலைபேசிக் கட்டணமும் எகிறிவிடும். கலிபோர்னியாவில் 1991இல் தொடங்கிய வால்நட் கிரீக் சிடிராம் என்ற நிறுவனம் இணையத்தில் இலவசமாகக் கிடந்த மென்பொருள்களை அப்படியே சிடியில் அடித்து விற்றது. இந்தியாவில் பிசி குவெஸ்ட், சிப், டிஜிட் மாதிரியான இதழ்கள் சிடியோடு வந்தன. லினக்ஸ் இங்கே பலருக்கு அறிமுகமானது அந்தத் தட்டுகள் வழியாகத்தான். உபுண்டு திட்டம் 2011இல் நிறுத்தும்வரை, கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவும் வாங்காமல் சிடி அனுப்பியது. 2005இல் மத்திய அரசின் மொழித் தொழில்நுட்பத் திட்டம் தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய சிடியைச் சென்னையில் வெளியிட்டு இலவசமாகக் கொடுத்தது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சம், அனுப்பியவரோடு பிறகு எந்தத் தொடர்பும் தேவைப்படவில்லை என்பது. கையில் வாங்கிய நிமிடத்தோடு பரிவர்த்தனை முடிந்தது. வாங்கியவர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தாலும், கொடுத்தவர் அடுத்த மாதம் கடையை மூடினாலும், தட்டு ஓடியது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதல் எதிர்வாதம் பாதுகாப்பு. முடிந்தது என்று முத்திரை குத்திய மென்பொருளில் ஓட்டை இருந்தால் என்ன செய்வது? தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் முறை வந்த பிறகுதானே கோடிக்கணக்கான கணினிகள் ஓரளவு காப்பாற்றப்பட்டிருக்கின்றன? உண்மை, இதை மறுப்பது பொறுப்பின்மை. 2005இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் தன் இசை சிடிகளில் நகல் தடுப்பு என்ற பெயரில், கணினியில் ஒளிந்துகொள்ளும் மென்பொருளைச் சேர்த்து விற்றது. அது மற்ற தீநிரல்கள் ஒளிந்துகொள்ளவும் இடம் செய்துகொடுத்தது. விற்ற தட்டுகளைத் திருத்த வழியே இல்லாமல், கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது, திருத்தம் தேவை என்பதை மட்டும்தான். பழைய பதிப்பு இல்லாமல் போக வேண்டும் என்பதை அது நிரூபிக்கவில்லை. புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வந்தால் முதல் பதிப்பை நூலகத்திலிருந்து எடுத்து எரிப்பதில்லை. டெபியன் மாதிரியான லினக்ஸ் திட்டங்கள் ஒவ்வொரு வெளியீட்டையும் முழுத் தட்டுப் படிமமாகக் காப்பகத்தில் வைத்திருக்கின்றன. கூடவே பாதுகாப்புத் திருத்தங்களையும் தொடர்ந்து தருகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று காட்டுவது, வேறு காரணத்துக்காகப் பழையதை மறைக்க நினைப்பவர்களுக்கு வசதியான பேச்சு.

இரண்டாவது எதிர்வாதம் பலமானது: தட்டே நிலைக்காதே, பிறகு எங்கே நிலைத்த பிரதி? இங்கே ஆலையில் அடித்த தட்டையும் வீட்டில் ரைட் பண்ணிய தட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னதில் குழி, பின்னதில் சாயம். சிடி-ஆரில் லேசர் ஒரு கரிமச் சாயத்தைச் சுட்டுத் தடம் போடுகிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும், நம் ஊர்த் தட்பவெப்பத்தில் கேட்கவே வேண்டாம். ஆலைத் தட்டும் அமரத்துவம் பெற்றதல்ல. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் ஓர் ஆலை எண்பதுகளின் கடைசியிலிருந்து சில ஆண்டுகள் அடித்த சிடிகள் விளிம்பிலிருந்து வெண்கல நிறமாகிப் படிக்க முடியாமல் போனது தெரிந்த கதை. இன்னொன்று: நாம் பயந்து பயந்து காப்பாற்றும் பளபளப்பான அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, பெயர் அச்சடித்த மேல்பக்கத்தில் தரவுக்கும் நம் பேனா முனைக்கும் நடுவே இருப்பது மெல்லிய அரக்குப் படலம் மட்டுமே. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட கையேடு, ஒட்டும் லேபிள் வேண்டாம், கரைப்பான் கலந்த மை வேண்டாம் என்றெல்லாம் சொல்வது இதனால்தான். ஆகவே ரைட் பண்ணிய சிடியில் முக்கியமான எதையாவது வைத்திருப்பவர்கள் இன்றைக்கே நகல் எடுத்துவிடுவது நல்லது. ஆனால் இது பொருளின் ஆயுளைப் பற்றிய வாதம். பதிப்பின் ஆயுள் வேறு. தட்டைப் படித்து முழுப் படிமமாக ஒரு ஐஎஸ்ஓ கோப்பில் எடுத்துவிட்டால், தட்டு கெட்டாலும் பதிப்பு அப்படியே இருக்கிறது. நகலெடுக்க விடும் எந்தப் பிரதியும் தன் உடலைவிட அதிக நாள் வாழும்.

மூன்றாவதாக எல்லோரும் எடுத்துப்போடுவது பிபிசியின் டூம்ஸ்டே திட்டம். 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கெடுப்புக்கு 900 ஆண்டு ஆனதை ஒட்டி, 1986இல் பிரிட்டன் முழுவதும் பத்து லட்சம் பேரின் பங்களிப்போடு, ஊர்களின் படங்களையும் குறிப்புகளையும் திரட்டி லேசர் டிஸ்க்கில் வெளியிட்டார்கள். பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் தட்டுகள் நன்றாக இருந்தன. படிக்கத் தேவையான பிலிப்ஸ் பிளேயரும் ஏகார்ன் கணினியும்தான் அருகிவிட்டன. மூல நூலோ 900 ஆண்டு கழித்தும் படிக்கக் கிடைத்தது. தட்டுகளை நம்பியவர்களுக்கு நல்ல பாடம் என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் அந்தத் தட்டு அந்தத் திட்டத்துக்காகவே வகுத்த தனி வடிவம். அதைப் படிக்கும் கருவித் தொகுப்பு பள்ளிகளே வாங்கத் தயங்கும் விலையில் விற்றது. ஹை சியரா விடுதியில் கூடியவர்கள் தவிர்க்க நினைத்தது இதே சிக்கலைத்தான். 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் அந்தப் பழைய கணினியை மென்பொருளாகவே போலச்செய்து உள்ளடக்கத்தை மீட்டார்கள். தட்டில் எல்லாமே முழுமையாக இருந்ததால்தான் அது முடிந்தது. கதையின் பின்பகுதியை யாரும் சொல்வதில்லை: 2011இல் பிபிசி அந்த உள்ளடக்கத்தை ஓர் இணையதளமாக வெளியிட்டது, 2018இல் அந்தத் தளமும் மூடப்பட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டது. தட்டு பதினாறு ஆண்டு கழித்தும் மீட்கக் கிடைத்தது, தளம் ஏழு ஆண்டு நின்றது.

நாலாவது எதிர்வாதம் தொழில்நுட்பம் தெரிந்தவர்களுடையது. மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கத் தட்டு எதற்கு? கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஹேஷ் மதிப்பு ஒன்று போதுமே. ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். இதில் பெரும்பகுதி சரி. இந்திய நீதிமன்றங்களே அந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. 2014இல் அன்வர் - பஷீர் வழக்கில், தேர்தல் பிரசாரப் பாட்டும் பேச்சும் அடங்கிய சிடிகளைச் சாட்சியமாக ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவை வேறு கருவியில் பதிவானதைக் கணினியில் ஏற்றிப் பிறகு எடுத்த நகல்கள். சட்டம் கேட்கும் சான்றிதழ் இல்லாமல் தட்டை மட்டும் நீட்டினால் போதாது என்பது தீர்ப்பு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் அந்தச் சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிடச் சொல்கிறது. ஆக, தட்டில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹேஷ் செய்வது ஒப்பிடுவதுதான். எதிரில் பிரதி இருந்தால் அது அதேதானா என்று சொல்லும். பிரதியே இல்லாவிட்டால் அது வெறும் எண். நிஸ்ட் நடத்தும் தேசிய மென்பொருள் குறிப்பு நூலகம், குற்றப் புலனாய்வுக்காகக் கோடிக்கணக்கான கோப்புகளின் ஹேஷ் பட்டியலை வெளியிடுகிறது. அவர்கள் அந்த எண்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மூல மென்பொருள் தட்டுகளைப் பெட்டியோடு பூட்டிய அறையில் பாதுகாக்கிறார்கள். எண்ணை யாராவது கேள்வி கேட்டால் எடுத்துக் காட்ட மூலம் வேண்டுமே.

மேகத்தில் பிரதி பத்திரமாகத்தானே இருக்கிறது என்பவர்களுக்கு ஒரே ஒரு சம்பவம் போதும். 2009 ஜூலையில் அமேசான், உரிமை இல்லாதவர் விற்றுவிட்டார் என்ற காரணத்தைக் காட்டி, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஆர்வெல்லின் இரண்டு நாவல்களைத் தானாகவே நீக்கியது. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். மன்னிப்பு நல்லதுதான்; ஆனால் நீக்க முடிந்தது என்ற செய்தி அங்கேயே நிற்கிறது. அச்சுப் புத்தகத்திலோ சிடியிலோ அந்த வாய்ப்பே எழாது.

என் வாதத்துக்கே குழி பறிக்கக்கூடிய உண்மை ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். சிடி கையில் இருந்தாலே போதும் என்ற நிலையை, சிடி உயிரோடு இருந்த காலத்திலேயே மென்பொருள் நிறுவனங்கள் உடைத்துவிட்டன. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் திருட்டு நகல். சென்னை பர்மா பஜாரையும் ரிச்சி தெருவையும் அறிந்தவர்கள் அந்தக் காரணத்தைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். அதற்கு அவர்கள் கண்ட மருந்து, நிறுவியதும் நிறுவனத்தின் சர்வரைக் கேட்டு அனுமதி வாங்கும் ஆக்டிவேஷன். விளைவு என்ன? அடோபி தன் சிஎஸ்2 தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை அணைத்தபோது, முறையாகக் காசு கொடுத்துத் தட்டு வாங்கியவர்களின் பிரதியும் ஓடாத நிலை வந்தது. அனுமதி கேட்காத வேறு பிரதியை நிறுவனமே கொடுக்க வேண்டியிருந்தது. யுபிசாஃப்டின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டு 2014இல் தட்டில் விற்கப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியதும் அந்தத் தட்டு எதற்கும் உதவாத வட்டமானது. இவை என் வாதத்தைப் பலவீனப்படுத்துவதாகத் தோன்றலாம். உண்மையில் இவை அதைக் கூர்மைப்படுத்துகின்றன. நமக்குத் தேவைப்பட்டது பளபளப்பான பிளாஸ்டிக் என்று நான் சொல்லவே இல்லை. முழுமை, தனித்து நிற்றல், மாறாமை ஆகிய மூன்றும்தான் தேவை. சிடி அவற்றைத் தன் இயற்பியலாலேயே கொடுத்தது. சர்வர் நிபந்தனை அவற்றில் ஒன்றைத் திருடியதும் மீதி இரண்டும் பயனற்றுப்போயின.

கொள்ளளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு விளையாட்டே 100 கிகாபைட்டைத் தாண்டும் காலத்தில் தட்டுக்குத் திரும்பச் சொல்வது பழமைவாதம் என்பார்கள். திரும்பச் சொல்லவில்லை. அகச்சிவப்பு லேசரில் 650 மெகாபைட், சிவப்பு லேசரில் டிவிடி 4.7 கிகாபைட், நீல ஊதாவில் புளூரே அடுக்குக்கு 25 கிகாபைட் என்று ஒளியின் அலைநீளத்தைக் குறைத்துக் குறைத்து அந்தத் தொழில்நுட்பம் போகக்கூடிய தூரம் போய்விட்டது. நாளைக்குப் பிரதியைச் சுமப்பது டேப்பாக இருக்கலாம், ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம். பென் டிரைவிலும் எஸ்எஸ்டியிலும் தரவு என்பது மின்னூட்டம். இணைக்காமல் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் கசியும். அதனால் சேமிப்புக்கு அவற்றை மட்டும் நம்ப வேண்டாம் என்பதோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்கிறேன். எதில் வைப்பது என்பது பொறியாளர்களின் கேள்வி. வைக்கும் கடமை யாருக்கு என்பது நம் கேள்வி.

அந்தக் கடமையைச் சட்டம் ஏற்கெனவே ஒரு துறையில் வகுத்திருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் புத்தகம் வெளியிடும் ஒவ்வொரு பதிப்பாளரும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் தன் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். செய்தித்தாளும் இதழும் பிறகு சேர்ந்தன. மென்பொருளைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை. பிரான்ஸ் 1992லேயே தன் ஒப்படைப்புச் சட்டத்தில் மென்பொருளையும் தரவுத்தளங்களையும் சேர்த்துவிட்டது. கலிபோர்னியாவில் 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், டிஜிட்டல் பொருளை "வாங்கு" என்று சொல்லி விற்கிறவர் அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. நேர்மையான அறிவிப்புதான், ஆனால் பிரதியைக் கொடுக்கச் சொல்லவில்லை. நம் சட்டத்தைத் திருத்தும்போது, பொதுமக்களுக்கு விற்ற அல்லது அரசுப் பணத்தில் செய்த மென்பொருளின் ஒவ்வொரு முக்கிய வெளியீட்டையும், எந்தச் சர்வரின் அனுமதியும் கேட்காமல் ஓடும் முழுப் படிமமாகவும் அதன் ஹேஷ் மதிப்போடும், ஒன்றுக்கு மேற்பட்ட நூலகங்களில் ஒப்படைக்கச் சொல்லலாம். வணிக நலன் கெடும் என்றால் பத்து, பதினைந்து ஆண்டு பூட்டி வைக்கட்டும். சேவையை நிறுத்தும் நாளில் பூட்டு தானாகத் திறக்கட்டும். அரசுப் பணத்தில் உருவான தமிழ் மென்பொருள்களிலிருந்து இதைத் தொடங்கினால் யாருடைய லாபமும் குறையாது. 2005இல் இலவசமாகக் கொடுத்த அந்த சிடியே கன்னிமாராவின் பட்டியலில் முதல் பதிவாக இருக்கலாம்.